வாவியின் துடுப்பு யார் கையில்?

மட்டக்களப்பில் ஒருநாள் படகுச் சுற்றுலா வளர்வது நல்லது. ஆனால் அதை யார் நடத்துவது, எந்த வேகத்தில் நடத்துவது, வருமானம் எந்தக் கரையில் தங்குவது என்பதை இப்போதே தீர்மானித்தாக வேண்டும்.

விடியற்காலை ஐந்தரை மணி. கல்லடியின் பழைய இரும்புப் பாலத்துக்குக் கீழே நீர் அசைவில்லாமல் கிடக்கிறது. ஒரு தோணியின் முனையில் நின்றபடி ஒருவர் வீச்சுவலையைத் தோளிலும் முழங்கையிலுமாக மடித்து ஏந்துகிறார். இடுப்பு ஒருமுறை திரும்புகிறது. வலை வட்டமாக விரிந்து நீரில் விழுகிறது. கூழைக்கடாக்கள் இரண்டு அந்தச் சத்தத்துக்குக் கொஞ்சம் நகர்ந்து மீண்டும் மிதக்கின்றன. பாலத்தின் கைப்பிடிச் சட்டத்தில் தூண்டில்காரர்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கிறார்கள். கடற்பக்கம் வானம் வெளுத்து, பிறகு சிவக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் புதிய பாலத்தின் மேல் ஒரு சுற்றுலா வான் விரைகிறது. பாசிக்குடாவில் தங்கியவர்களை அறுகம்பைக்கு ஏற்றிச் செல்லும் வண்டி. கண்ணாடிக்குள்ளிருந்து ஒருவர் கைத்தொலைபேசியில் வாவியைப் படம் எடுக்கிறார். பாலத்தைக் கடக்க வண்டிக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

அந்த ஒரு நிமிடத்தை ஒரு நாளாக நீட்டுவது எப்படி என்பதுதான் கிழக்கில் சுற்றுலாவைப் பற்றிப் பேசுகிறவர்களின் இன்றைய கேள்வி. 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் நடந்த குண்டுத் தாக்குதல்கள், பின்னர் கொரோனா, அதன்பின் பொருளாதார நெருக்கடி என்று அடுத்தடுத்து விழுந்த அடிகளால் அந்த எண்ணிக்கை சரிந்தது. 2024இல் அது மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. வருகிறவர்களில் ஒரு பகுதியினர் திருகோணமலைக்கும் அறுகம்பைக்கும் இடையே கிழக்குக் கரையோரமாகப் பயணிக்கிறார்கள். அந்த வழியின் நடுவில் இருப்பது மட்டக்களப்பு. எனவே படகுச் சுற்றுலா வளரத்தான் போகிறது. வாவியை அறிந்தவர்களின் கையில் அது வளர்ந்தால் மட்டுமே வாவிக்கும், கரையில் வாழ்பவர்களுக்கும், வந்து பார்க்கிறவர்களுக்கும் நன்மை கிடைக்கும் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் வாதம்.

ஒரு நாளில் அடங்காத நீர்

வடக்கே செங்கலடிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை சுமார் 56 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்த வாவி கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல்நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் மேய்ச்சல்நிலமுமாக விரிவது படுவான்கரை. நகரத்தின் மையமே புளியந்தீவு என்ற தீவின்மேல்தான் இருக்கிறது. 1628இல் போர்த்துக்கேயர் அங்கே கட்டிய கோட்டையை 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் பிடித்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை இதுவே. நெடுங்காலம் கச்சேரியாக இயங்கிய அதன் மதில்களை வாவியின் நீர் இன்றும் தொட்டுக்கொண்டிருக்கிறது. 1814இல் வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடங்கிய பள்ளி, இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி, கோட்டையிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் உள்ளது. பாலத்துக்கு மறுகரையில், கல்லடியில், சுவாமி விபுலானந்தர் நிறுவிய சிவானந்த வித்தியாலயமும் அவருடைய சமாதியும் இருக்கின்றன. வாவியின் இசையைக் கேட்டு, நீரரமகளிர் பாடுவதாகக் கற்பனை செய்து பாடல் எழுதியவர் அவர். ‘யாழ் நூல்’ அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தார்.

இவையெல்லாம் வாவியின் வடபகுதியில், சில கிலோமீட்டர்களுக்குள் அடங்கிவிடுகின்றன. தெற்கே போகப் போக வேறொரு உலகம் விரிகிறது. மண்முனையில் 2014இல் ஜப்பானிய உதவியுடன் பாலம் திறக்கப்படும்வரை எழுவான்கரையிலிருந்து கொக்கட்டிச்சோலைக்குப் போக ஓடத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. தான்தோன்றீசுவரர் ஆலயத்துக்குத் தேர் இழுக்க வந்த தலைமுறைகள் அந்தத் துறையைக் கடந்துதான் வந்தன. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே, மோட்டார் சைக்கிள்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் நெல் மூட்டைகளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு ‘பாதை’ என்று ஊரார் சொல்லும் மிதவை நகர்கிறது. அக்கரையில் இருக்கும் மண்டூர் முருகனைச் சின்னக் கதிர்காமம் என்கிறார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கும் குளிர்த்தியும், ஆடி அமாவாசையில் அமிர்தகழி மாமாங்கேசுவரர் தீர்த்தமும், களரியில் வடமோடி தென்மோடிக் கூத்தும் என்று ஆண்டு முழுவதும் இரு கரைகளிலும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். இதை ஒரே நாளில் காட்டிவிட முடியாது. ஒரு நாளுக்கு எதைத் தெரிவு செய்வது, எதை விடுவது என்பது அறிவு தேவைப்படும் வேலை. வழிகாட்டி என்பவரின் மதிப்பு தொடங்குவது அங்கேதான்.

┃ பெட்டிச் செய்தி: வாவியை அறிய
┃ • நீளம்: சுமார் 56 கி.மீ. பரப்பு: 140 சதுர கி.மீ.க்கு மேல்.
┃ • கடலோடு சேரும் இடங்கள்: வடக்கே பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு.
┃ • முகத்துவார வெளிச்சவீடு: கட்டப்பட்டது 1913இல்.
┃ • கல்லடியின் பழைய பாலம்: ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரில் 1920களில் அமைந்தது. அருகே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது.
┃ • கரை மரங்கள்: கண்ணா, கண்டல், கிண்ணை, தில்லை.
┃ • மாவட்ட மக்கள்தொகை (2012 கணக்கெடுப்பு): 5,26,567.

பொலினேசியா கற்றுத்தரும் பாடம்

களப்புச் சுற்றுலா என்றதும் உலகம் முழுவதும் மனத்தில் எழும் படம் பசிபிக் சமுத்திரத்துப் பொரா பொரா. நீலப் பளிங்கு நீர், அதன்மேல் கால்கள் ஊன்றி நிற்கும் ஓலைக் கூரை விடுதிகள். அந்த விடுதிகள் தீவுக்காரர்களின் பழைய வீடுகள் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் 1967இல் ரயாத்தேயா தீவில் விடுதி நடத்திவந்த மூன்று அமெரிக்கர்கள் கண்டுபிடித்த உத்தி அது. தங்கள் இடத்தில் நல்ல கடற்கரை இல்லாததால் நீர்மேல் அறைகளைக் கட்டினார்கள். பிறகு அதுவே அந்தப் பிரதேசத்தின் அடையாளமாக விற்பனையானது. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மட்டக்களப்பு வாவியிலும் தூண் நாட்டினால் பணம் கொட்டும் என்று நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களை மறந்துவிடுகிறார்கள். ஒன்று, நமது நீர் பவளப்பாறைக்குள் அடைபட்ட பளிங்கு நீர் இல்லை. ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் சேறும் கலந்து, இறாலும் நண்டும் பெருகும் கலங்கல் நீர். அந்தக் கலங்கல்தான் அதன் வளம். இரண்டு, பொலினேசியத் தீவுகள் சிலவே இப்போது கட்டுப்பாடுகளின் பக்கம் திரும்பியிருக்கின்றன.

அங்கே கற்க வேண்டியது இந்தத் திருப்பத்தைத்தான். மீன்வளம் குறைந்த இடத்தில் சில காலம் யாரும் வலை போடக் கூடாது என்று ஊர்த் தலைவர்கள் தடை விதிக்கும் பழைய முறை பொலினேசியத் தீவுகள் பலவற்றில் இருந்தது. குக் தீவுகளில் ‘ராஉயி’ என்று பெயர் பெற்ற அதை ரரொதொங்காவின் பாரம்பரியத் தலைவர்கள் 1998இல் மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதே நாட்டின் ஐதுதாகித் தீவில், காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் களப்புப் படகுப் பயணமே முக்கியமான சுற்றுலா. படகை ஓட்டுவதும், மீன் சுடுவதும், பாட்டுப் பாடுவதும், தீவின் கதையைச் சொல்வதும் ஊர்க்காரர்கள். இதற்கு ஒரு சட்ட அடித்தளமும் உண்டு. குக் தீவுகளில் நிலத்தை விற்க முடியாது. குத்தகைக்கு மட்டுமே விடலாம். எனவே வெளிமுதலீடு வந்தாலும் நிலத்தின் கடைசிச் சொல் குடும்பங்களிடமே இருக்கிறது. இன்னொரு பொலினேசியத் தீவான மோரியா 2004இல் தன் களப்பை மண்டலங்களாகப் பிரித்து, எங்கே மீன்பிடி, எங்கே படகு, எங்கே பாதுகாப்பு என்று திட்டம் வகுத்தது. பொரா பொராவே உல்லாசக் கப்பல்களில் வந்து இறங்குவோர் எண்ணிக்கைக்கு நாளொன்றுக்கு 1,200 என வரம்பு விதித்தது. உலகின் மிகப் புகழ்பெற்ற களப்பு ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று சொல்லும் காலத்தில் நாம் தொடங்குகிறோம். பிந்தித் தொடங்குகிறவர்களுக்குக் கிடைக்கும் ஒரே இலாபம் மற்றவர்களின் அனுபவம். அதைக் கைவிடக் கூடாது.

பாசிக்குடா காட்டிய கணக்கு

அனுபவத்துக்காகப் பசிபிக்வரை போக வேண்டியதும் இல்லை. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டரில் பாசிக்குடா இருக்கிறது. 2009இல் போர் முடிந்த பிறகு அந்த அமைதியான, ஆழமற்ற வளைகுடாவைச் சுற்றிப் பெரிய விடுதிகள் வரிசையாக எழுந்தன. வேலைகள் உருவாகின, சாலை வந்தது, மின்சாரம் வந்தது. இவற்றை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் தோணி இழுத்து வைக்கும் கரை குறுகியது பற்றியும், கடற்கரைக்குப் போகும் வழிகள் அடைபட்டது பற்றியும் மீனவர்களிடமிருந்து முறைப்பாடுகள் எழுந்தன. அதைவிட ஆழமான சிக்கல் அந்த விடுதிகளின் வணிக முறையிலேயே இருக்கிறது. பயணி கொழும்பில் பணம் கட்டுகிறார். கொழும்பிலிருந்தே வாகனமும் வழிகாட்டியும் வருகிறார்கள். மூன்று வேளை உணவும் விடுதிக்குள். வெளியே வந்து ஒரு கடையில் தேநீர் குடிக்கவேண்டிய தேவைகூட அவருக்கு ஏற்படுவதில்லை. இப்படியான ஏற்பாட்டில் ஊருக்குக் கிடைப்பது சம்பளம் மட்டும். தொழில் ஊருக்குச் சொந்தமாவதில்லை. ஒரு தடை வந்து பயணிகள் நின்றதும் முதலில் நிறுத்தப்படுவதும் அந்தச் சம்பளம்தான். 2019இலும் 2020இலும் கிழக்கின் விடுதி ஊழியர்கள் இதை நேரில் அனுபவித்தார்கள்.

ஒருநாள் வாவிப் பயணத்தின் கணக்கு வேறு. அதற்கு நிலம் வேண்டாம், கட்டடம் வேண்டாம். தோணியும் துடுப்பும் அறிவும் ஏற்கெனவே கரையில் இருக்கின்றன. காலையில் தோணிக்காரருக்கு ஒரு கூலி, புளியந்தீவில் வரலாறு சொல்பவருக்கு ஒரு கூலி, படுவான்கரையில் மதியச் சோறு போடும் வீட்டுக்கு ஒரு கூலி, பன்பாய் இழைக்கும் பெண்ணிடம் ஒரு பாய், தயிர்க்காரரிடம் ஒரு சட்டி எருமைத்தயிர், மாலையில் முகத்துவாரத்தில் தேநீர் என்று ஒரே பயணியின் பணம் ஏழெட்டுக் கைகளுக்குப் போகிறது. பயணிகள் வராத மாதத்திலும் அந்த ஏழெட்டுப் பேரும் பட்டினி கிடப்பதில்லை. அவர்களுடைய முதல் தொழில் மீன்பிடியோ வேளாண்மையோ நெசவோ ஆகவே இருக்கிறது. சுற்றுலா மேல்வருமானமாக நிற்கும்வரைதான் அது ஊரைத் தாங்கும். ஊர் முழுவதும் சுற்றுலாவின்மேல் சாய்ந்துவிட்டால் அடுத்த நெருக்கடி இரண்டையும் சேர்த்து வீழ்த்தும். கேரளத்தின் குமரகத்தில் 2008 அளவில் தொடங்கிய பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் இந்தக் கணக்கைத்தான் கையில் எடுத்தது. ஊர்ப் பெண்கள் குழுக்களிடமிருந்து காய்கறியும் பாலும் வாங்க விடுதிகளை இணங்க வைத்தது. கயிறு திரிப்பதையும் ஓலை முடைவதையும் மீன்பிடிப்பதையும் கிராமச் சுற்றுலாவாக மாற்றியது. குமரகத்தை ஒட்டிய அதே வேம்பநாட்டுக் காயலில் கட்டுப்பாடின்றிப் பெருகிய வீட்டுப்படகுகள் நீரை அழுக்காக்கியதும் நடந்தது. ஒரே காயல் இரு பாடங்களையும் தருகிறது.

துடுப்பா, இயந்திரமா?

மட்டக்களப்பை உலகம் அறிந்தது பாடும் மீனால், அதாவது வாவி நீருக்குள்ளிருந்து எழும் இசையால். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தம் நூலில் இந்த இசையைப் பற்றி விரிவாக எழுதினார். இரவில் படகில் போய்த் தாமே கேட்டதையும், ஊர்த் தோணிக்காரர்கள் அதை ஊரி என்ற நத்தையின் ஓசை என்று சொன்னதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். 1950களில் இங்கே பணியாற்றிய இயேசு சபைத் துறவி லாங் அந்த ஒலியை ஒலிப்பதிவு செய்தார்; பின்னர் இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. பாடுவது மீனா ஊரியா என்ற விவாதம் இன்றும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் கேட்கும் முறையில் எந்த விவாதமும் இல்லை. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், பௌர்ணமியை ஒட்டிய இரவில், காற்றடங்கிய நேரத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையைச் செவியோடு சேர்த்துக் கேட்க வேண்டும். அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் இயந்திரம் ஓடினாலும் அந்த இரவு வீண்.

இந்த ஒரு செய்தியிலேயே வாவிச் சுற்றுலாவுக்கான முதல் விதி அடங்கியிருக்கிறது. மட்டக்களப்பின் தலைசிறந்த செல்வம் அமைதியாக இருந்தால் மட்டுமே கிடைப்பது. எனவே கல்லடியைச் சுற்றிய நீரிலும், மரங்கள் அடர்ந்த சிற்றோடைகளிலும் இயந்திரப் படகு கூடாது. இயந்திர அலை கரையை அரிக்கிறது. கண்டல் வேர்களுக்கிடையே வளரும் இறால் குஞ்சுகளைக் கலைக்கிறது. கட்டிவைத்த வலைகளை அறுக்கிறது. இலங்கையின் தென்மேற்கில், 2003இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட மாது கங்கையில் படகுச் சுற்றுலா வேகமாக வளர்ந்தது. கூடவே இயந்திரப் படகுகளின் எண்ணிக்கையும் வேகமும் பெரிய கவலையாயின. தமிழ்நாட்டின் பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டின் குறுகிய ஓடைகளுக்குள் துடுப்புப் படகுதான் நுழைய முடியும். அந்தத் துடுப்புப் பயணத்தைத்தான் மக்கள் தேடி வருகிறார்கள். மெதுவாகப் போவது பயணிக்கு இழப்பு இல்லை என்பதற்கு அது போதிய சான்று. நீண்ட தூரம் போக வேண்டியவர்களுக்கு, முகத்துவாரம் முதலான திறந்த நீர்ப்பரப்பில் மட்டும் வேக வரம்போடு இயந்திரத்தை அனுமதிக்கலாம்.

┃ பெட்டிச் செய்தி: ஒரு நாள், ஒரு வழித்தடம்
┃ காலை 6: கல்லடியிலிருந்து துடுப்புத் தோணி. வீச்சுவலை, பறவைகள், கண்ணாக் காடு.
┃ காலை 9: புளியந்தீவு. கோட்டை, மத்திய கல்லூரி, காந்தி பூங்கா, சந்தை.
┃ பகல் 12: மண்முனைப் பாலம் வழியாகப் படுவான்கரை. கொக்கட்டிச்சோலைக் கோயில், வீட்டுச் சாப்பாடு: இறால், நண்டு, தயிர்.
┃ மாலை 4: காத்தான்குடி மரபுரிமை அருங்காட்சியகம், கடைத்தெரு.
┃ மாலை 5.30: பாலமீன்மடு வெளிச்சவீடு, முகத்துவாரம்.
┃ பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில்: கல்லடிப் பாலத்தருகே இயந்திரமில்லாத தோணியில் பாடும் மீன்.

கதையைச் சொல்லும் பொறுப்பு

வழிகாட்டி என்பவர் இடத்தின் பெயரைச் சொல்லிக் கைகாட்டுகிறவர் மட்டும் என்று எண்ணினால் இந்த வாவியில் அவர் தோற்றுப்போவார். இங்கே ஒவ்வொரு துறையிலும் இன்பமும் துயரமும் சேர்ந்து கிடக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாவலடியும் டச்பாரும் கடலோடு போயின. 1987 ஜனவரியில் மகிழடித்தீவு இறால் பண்ணையிலும் 1991 ஜூனில் கொக்கட்டிச்சோலையிலும் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். இரு கரைகளிலும் இன்று வாழ்கிறவர்கள் இவற்றைச் சுமந்தே வாழ்கிறார்கள். வெளியூரிலிருந்து வரும் வழிகாட்டி ஒன்று இவற்றை மறைப்பார், அல்லது பரபரப்புக்காக விற்பார். ஊர்க்காரருக்கு எதைச் சொல்வது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது, எந்த வீட்டு முற்றத்தில் படம் எடுக்கக் கூடாது என்பது தெரியும். தமிழர், முஸ்லிம்கள், போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை இன்னும் பேசும் பறங்கியர் என்று மூன்று சமூகங்களின் வழிகாட்டிகளும் ஒரே சங்கத்தில் இருந்தால், ஒருவர் கதையை மற்றவர் சொல்லும்போதும் நியாயம் பிறழாது. ஒருநாள் பயணம் இந்த மாவட்டத்துக்குப் பணத்தைவிடப் பெரிய நன்மை ஒன்றைச் செய்ய முடியுமென்றால், அது இந்தக் கூட்டுவேலைதான்.

எழக்கூடிய மறுப்புகள்

‘மீனவர் மீன்தான் பிடிப்பார், அவருக்கு ஆங்கிலம் தெரியாது, பயணியோடு பழகத் தெரியாது’ என்பது முதல் மறுப்பு. மொழி கற்பிக்கக்கூடியது. எந்தப் பருவத்தில் முகத்துவாரம் அடைபடும், முதலை எந்தக் கரையில் வெயில் காயும், எந்தக் காற்றுக்குத் தோணியைத் திருப்ப வேண்டும் என்ற அறிவை மூன்று மாதப் பயிற்சியில் ஊட்ட முடியாது. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தேசிய வழிகாட்டிகளுக்கு மட்டுமன்றிக் குறிப்பிட்ட பிரதேசத்துக்கும் இடத்துக்குமான வழிகாட்டிகளுக்கும் உரிமம் தருகிறது. அந்தப் பயிற்சியை மட்டக்களப்பில், தமிழில் நடத்தினால் கரையோர இளைஞர்களும் பெண்களும் தகுதி பெறுவார்கள். மொழிபெயர்க்கும் வேலையைக் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் ஏற்கலாம். தோணிக்காரர் ஒருவர், மொழி தெரிந்த இளைஞர் ஒருவர் என்று இருவராகச் செல்லும் ஏற்பாடு இரு குடும்பங்களுக்கு வேலை தரும்.

‘பெரிய முதலீடு இல்லாமல் பெரிய வளர்ச்சி இல்லை’ என்பது இரண்டாவது மறுப்பு. இதில் ஓரளவு உண்மை உண்டு. இறங்குதுறை, சுத்தமான கழிப்பறை, குப்பை அகற்றல், மருத்துவ உதவி ஆகியவற்றைத் தோணிக்காரர்களால் கட்ட முடியாது. அவை மாநகர சபையும் பிரதேச சபைகளும் மாகாணமும் செய்ய வேண்டியவை. தனியார் முதலீடு அதற்கு உதவினால் வரவேற்கலாம். ஆனால் முதலீடு கரையில் நிற்க வேண்டும். நீரை வேலி போட்டுப் பிரிக்கும் உரிமை அதற்குக் கிடைக்கக் கூடாது. மீனவர் சங்கங்களால் பொது நீரை ஒழுங்காக ஆள முடியுமா என்று ஐயப்படுகிறவர்கள் நீர்கொழும்புக் களப்பைப் பார்க்கட்டும். அங்கே ‘கட்டுதெல்’ வலை போடும் இடங்களை மீனவர் சங்கங்களே சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. தலைமுறைகளாக அந்த முறை நிற்கிறது. அரசும் அதைச் சட்டவிதிகளால் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதே முறைவைப்பு மட்டக்களப்பில் சுற்றுலாத் தோணிகளுக்கும் பொருந்தும். யார் முந்திக்கொண்டு பயணியைப் பிடிப்பது என்ற போட்டி வந்தால் கூலி சரியும், சண்டை வரும், வேகம் கூடும். முறைவைத்தால் இவை மூன்றும் தவிர்க்கப்படும்.

மூன்றாவது மறுப்பு பாதுகாப்பைப் பற்றியது. அதை யாரும் இலேசாக எடுக்கக் கூடாது. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பயணிகளை ஏற்றிச் சென்ற மிதவை கவிழ்ந்து பள்ளிச் சிறுவர் உட்படப் பலர் இறந்தார்கள். பாலம் கட்டுமானத்தில் இருந்தபோது வேறு வழியின்றி ஏறியவர்கள் அவர்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகும் உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒரு தோணி பயணிகளோடு புறப்படுவதை மாவட்ட நிருவாகம் பொறுத்துக்கொள்ளக் கூடாது. தோணிக்கு ஏற்ற ஆள் எண்ணிக்கை, அங்கி, காப்புறுதி, வானிலை எச்சரிக்கை வந்தால் பயணம் நிறுத்தம் ஆகிய நான்கும் உரிமத்தின் நிபந்தனைகளாக வேண்டும். முக்கியமான இன்னொன்று: பயணிக்குத் தரும் அதே அங்கி, குருமண்வெளிப் பாதையில் தினமும் கடக்கும் ஊர்ப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். சுற்றுலாவுக்காகச் செய்யும் ஏற்பாடு ஊருக்கு முதலில் பயன்படாவிட்டால் ஊர் அதைத் தன்னுடையதாக ஏற்காது.

‘வெள்ளைக்காரரும் புகைப்படக்கருவியும் வந்தால் சடங்கும் கோயிலும் கெடும்’ என்பது நான்காவது மறுப்பு. பெரியவர்கள் சொல்லும் இந்த அச்சம் நியாயமானது. கண்ணகி சடங்கு பயணிகளின் நேரத்துக்காக நடத்தப்படும் நாள் வந்தால் அது சடங்காக இருக்காது. பதில் எளிது. எந்த நாளில், எந்த எல்லைவரை, எந்த உடையில் வெளியார் வரலாம் என்பதைக் கோயில் பரிபாலன சபைகளே தீர்மானிக்கட்டும், வேண்டாமென்றால் வேண்டாம். கூத்து வேறு. அது பார்வையாளருக்கென்றே களரியில் ஆடப்படுவது. அண்ணாவிமாருக்கு உரிய சம்பளம் கொடுத்து, விடியவிடிய ஆடும் கூத்தின் ஒரு பகுதியை மாலையில் காட்டினால் அடுத்த தலைமுறைக்கு மத்தளம் பழக ஒரு காரணம் கிடைக்கும்.

பருவமே வகுத்த ஓய்வு

இந்த வாவிக்கு இயற்கை ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. சித்திரை முதல் புரட்டாதிவரை வானம் தெளிந்திருக்கும். பாடும் மீனின் காலமும், கோயில் திருவிழாக்களின் காலமும், புலம்பெயர்ந்த தமிழர் பிள்ளைகளோடு ஊர் திரும்பும் ஆடி ஆவணி விடுமுறையும், அறுகம்பைக்கு அலைச்சறுக்கு வீரர்கள் வரும் பருவமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைகின்றன. கார்த்திகை முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை. 1978 நவம்பரில் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது அந்தப் பருவத்தில்தான். 2011 ஜனவரி வெள்ளமும் அப்போதுதான். ஆகவே அந்த மாதங்களில் சுற்றுலாத் தோணிகள் கரையேறட்டும். நீருக்கும் கண்டலுக்கும் அது ஓய்வுக்காலம். பொலினேசியர் தலைவர்களைக் கொண்டு அறிவித்த தடையை இங்கே பருவக்காற்றே அறிவிக்கிறது; நாம் மதித்து நடந்தால் போதும். ஓய்வுக்காலத்தில் சங்கங்கள் ஆற்றுவாழையை அகற்றலாம், கண்டல் நடலாம், தடைசெய்யப்பட்ட தங்கூசி வலைகளைக் கைவிடச் செய்யலாம். சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கை இதற்கென்று முதலிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். நீர் கெட்டு மீன் செத்து மிதந்தால் பயணியும் வரமாட்டார், வலையும் நிறையாது.

செய்ய வேண்டியவை நீண்ட பட்டியல் இல்லை. மாவட்டச் செயலகமும் கடற்றொழில் திணைக்களமும் மீனவர் சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து வாவியை மண்டலங்களாகப் பிரிக்கட்டும். தோணி உரிமங்களைக் கரையோரக் குடும்பங்களுக்கு மட்டுமே வழங்கி, எண்ணிக்கைக்கு வரம்பு கட்டட்டும். வழிகாட்டிப் பயிற்சியைத் தமிழில், இங்கேயே நடத்தட்டும். வாவியின் மேல் எந்தத் தூணும் நாட்ட அனுமதி கூடாது என்று இப்போதே எழுதி வைக்கட்டும். தூண் ஒன்று நாட்டப்பட்ட பிறகு அதைப் பிடுங்குவது கடினம் என்பதைப் பல களப்புகள் கண்டுவிட்டன.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ மட்டக்களப்புக்கு வருகிறவர்கள் ஒரு நாளை வாவிக்கென்று ஒதுக்குங்கள். விடுதி ஏற்பாடு செய்யும் வேகப்படகை விட்டு, கரையில் துடுப்போடு நிற்பவரைக் கேளுங்கள். அங்கி இருக்கிறதா என்று பாருங்கள். பேரம் பேசாமல் உரிய கூலியைக் கொடுங்கள். கொண்டுவந்த பிளாஸ்டிக் போத்தலைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். வாவியை அறிந்தவர்களின் கையில் துடுப்பு இருக்கும்வரை வாவி வாழும். அதை அவர்கள் கையில் வைத்திருப்பதில் அரசுக்கு உள்ள அதே பொறுப்பு நமக்கும் உண்டு.